நாள்கல் எடுத்துக் கொடுத்த கை

வீடு கட்டும் தொழிலில் கல்லும் மண்ணும் ஒருநாளும் கரைச்சல் தருவதில்லை. கரைச்சல் எல்லாம் வாயுள்ளவற்றால்தான். கட்டட ஒப்பந்தம் எடுக்கும் கொந்தராத்துக்காரரிடம் வேலையை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர்களுக்கும், சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்து இன்னும் புத்தி பேதலிக்காமல் இருப்பவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அவர்களுக்காகவே எழுதுகிறேன். மற்றவர்கள் இப்போது சிரிக்கலாம். அத்திவாரம் வெட்டத் தொடங்கும்போது விளங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வருபவற்றில் பெரும்பாலானவை நான் பக்கத்தில் நின்று கண்டவை. கடைசியாக வருவது மட்டும் இன்னொருவர் சொன்னது. அதை நான் பல வருஷமாக நம்பவில்லை. சொன்னவர் பொய்க்காரி அல்ல. ஆனால் எந்தக் கதையையும் கொஞ்சம் தாளிக்காமல் பரிமாறத் தெரியாதவர். நம்பாமல் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. வேலையால் நின்று வீட்டோடு இருக்கும் இந்த வயதில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடினால் அதுதான் வந்து நிற்கிறது. நான் நம்பாமல் இருந்தது கதையில் பிழை இருந்ததாலா, நம்பினால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதாலா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சன்ஸ் எங்கே?

எங்கள் கொந்தராத்தை நடத்தியவர் பரமேசு அக்கா. தொடங்கியவர் அவருடைய தகப்பனார். அவருக்குப் பிறந்தது ஒரே ஒரு பெண். ஆனாலும் பெயர்ப்பலகை எழுதுவித்தபோது தன் பெயருக்குப் பின்னால் 'அன் சன்ஸ்' என்று போட்டுவிட்டார். ஆண்பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையோ, பலகை எழுதியவன் எல்லாக் கடைக்கும் அப்படித்தான் எழுதுகிறவனோ, தெரியாது. பரமேசு அக்கா கலியாணம் முடித்துப் போய், கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். முதலில் தகப்பனுக்கு உதவியாக மதிப்பீடு எழுதினார். பிறகு வேலைத்தளத்துக்கு வந்தார். தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்ததும் எல்லாம் அவர் தலையில். தகப்பன் போனபிறகும் அப்படியே. வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாகச் சுண்ணாம்பு நீற்றும் குழிக்குப் பக்கத்தில் நிற்பார். நான் தகப்பன் காலத்திலேயே சேர்ந்த ஓவசியர்.

யாழ்ப்பாணத்தில் வீட்டு முன்னறைதான் நாங்கள் அலுவல் பார்க்கும் கந்தோர். ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். பலகையை வாசித்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சன்ஸ் நீரோ?"

"இல்லை ஐயா. நான் ஓவசியர்."

"அப்ப சன்ஸ் எங்கை?"

"நான்தான் ஐயா. இருங்கோ. என்ன கட்டப் போறியள்?" என்றார் அக்கா.

பெரியவர் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். தன் வளவு, கிணறு, மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாயின் குணம் எல்லாவற்றையும் பற்றிக் காலை முழுக்கக் கதைத்தார். அக்கா ஒரு தாளில் வீட்டை அறை அறையாகக் கீறிக் காட்டினார். "அருமை, அருமை" என்று அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வெளிவாசல் படலையடியில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிச் சொன்னார்:

"அப்ப நான் வாறன் பிள்ளை. சன்ஸ் வந்தவுடனை ஆளனுப்பும், மிச்சத்தைக் கதைப்பம்."

போஸ்ட் மாஸ்டரின் குசினி

வட்டுக்கோட்டைப் பக்கம் உத்தியோகத்தால் இளைப்பாறிய போஸ்ட் மாஸ்டர் ஒருவருக்கு வீடு கட்டினோம். அந்நியப் பெண்களோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. கொந்தராத்தை மட்டும் பெண்ணிடம் ஏன் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். எங்கள் மதிப்பீடுதான் குறைவு. அக்கா அவருக்கு முன்னால் நிற்பார். அவர் என்னைப் பார்த்து, "ஓவசியர், குசினி யன்னல் கிழக்கை பாக்க வேணுமெண்டு சொல்லும்" என்பார். நான் அக்காவின் பக்கம் திரும்பி அதையே சொல்வேன். அக்கா என்னிடம் பதில் சொல்வார். நான் போஸ்ட் மாஸ்டரிடம் சொல்வேன். கதை இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் நின்றார். போஸ்ட் மாஸ்டர் தலையைத் திருப்பிக் கதவுக்குச் சொல்வார்; கதவு ஏதோ முணுமுணுக்கும்; அது அவர் வழியாக என்னிடம் வந்து, என் வழியாக அக்காவிடம் போகும். இப்படிக் குசினி தென்கிழக்கில் இருந்து வடக்குக்குப் போய், அங்கே அரைச் சுவர் எழும்பிய பிறகு இடிபட்டு, மறுபடியும் தென்கிழக்குக்கு வந்தது.

அந்தச் சுவரையும் இடிக்கச் சொன்ன அன்று அக்கா குடையைச் சுருக்கிக்கொண்டு பின்வளவால் உள்ளே போனார். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசனிடம் இடத்தைக் காட்டினார். குசினி அன்றைக்கு நின்ற இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கிறது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அடுப்படியில் நின்றபடி படலையைப் பார்க்கக்கூடிய ஒரு யன்னல்தான். எனக்குத் தலையில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. போஸ்ட் மாஸ்டருக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது.

"ஓவசியர், நீர் ஒழுங்காய்ச் சொல்லியிருந்தால் உவையள் நேரை கதைச்சிருக்கமாட்டினம். இனி இந்த வீட்டிலை எனக்கு என்ன வேலை?"

சம்பளக்காரன் கை

எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் முதல் நாள்கல். சாத்திரியார் குறித்துத் தந்த நேரத்தில் அத்திவாரத்தின் மூலையில் முதற்கல் வைப்பது. வீட்டுக்காரர் கும்பம் வைத்துக் கும்பிடுவார். கொந்தராத்துப் பக்கத்து ஆள் மஞ்சள் பூசிய கல்லைத் தூக்கித் தலைமை மேசனின் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கி வைப்பார். தகப்பனார் எழும்பி நடந்தவரை அந்தக் கை அவருடையது. அவர் விழுந்தபிறகு? கைம்பெண் நாள்கல்லைத் தொடுவது கிடக்கட்டும், அந்த ஒழுங்கையில் நிற்பதையே சனம் விரும்பாது. ஆகவே அக்கா அடுத்த ஒழுங்கையில் பழைய ஒஸ்ரின் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேர்த்து வடிய இருப்பார். கல்லை நான் எடுத்துக் கொடுத்தேன்.

கோண்டாவிலில் ஒரு வாத்தியார் வீடு. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. நான் கல்லைத் தூக்கி நீட்டுகிறேன், எங்கள் தலைமை மேசன் சின்னத்தம்பி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். வேலையில் அவரைப்போல் ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது.

"எத்தினை நாளைக்கு இப்பிடி? சம்பளக்காரன்ரை கையாலை நாள்கல் வாங்கினால் வீடு வாடகைக்குத்தான் போகும். கொந்தராத்து உடையவையின்ரை கை வேணும்" என்றார்.

வாத்தியாரின் மனைவி விம்மத் தொடங்கினார். நான் கல்லைத் தூக்கியபடி நிற்கிறேன். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருளம்பலம் அண்ணை வந்தார். அக்காவுக்குப் பெரியப்பா மகன். அவரும் கொந்தராத்துக்காரர். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு விருந்தாளியாக வந்திருந்தார். "உடையவை வீட்டு ஆம்பிளை நான் நிக்கிறன்" என்று என் கையில் இருந்த கல்லை வாங்கி மேசனிடம் கொடுத்தார். வெற்றிலைத் தட்டமும் அவருக்கே போனது. சாப்பிட்டு எழும்புவதற்குள் வேலையும் அவருக்குப் போய்விட்டது. கல்லெடுத்தவர்தானே கட்ட வேண்டும் என்று வாத்தியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியைப் பறிகொடுத்தவன். அந்த வளவில் அது தெரியாதவர் இல்லை. சம்பளக்காரன் என்றுதான் தடுத்தார்களே தவிர, தாரம் இழந்தவன் என்று ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. அது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவும் இல்லை.

அருளம்பலம் அண்ணை காரடிக்கு வந்து கண்ணாடியில் தட்டினார். அக்கா இறக்கினார்.

"பிள்ளை, இனி உனக்கு ஆர் நாள்கல் தரப் போகினம்? தொழிலை என்னட்டைத் தந்திட்டு வீட்டிலை ஆறுதலாய் இரன். பலகையை மாத்தவும் தேவையில்லை, நானும் ஒரு சன் தானே."

சூளையடிக் கூட்டம்

அவர் சொன்னது பகிடி அல்ல. அடுத்து வரவிருந்த இரண்டு வேலைகள் வரவில்லை. இன்னும் ஒரு மாரி இப்படியே போனால் மேசன்மாரும் அருளம்பலம் அண்ணையிடம் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அது என்னிலும் நன்றாகத் தெரியும்.

அக்காவுக்கு ஒரே ஆறுதல் ஞாயிற்றுக்கிழமைகள். குருநகரில் திரேசம்மாவுக்கு ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. கணவன் பாய்மரத்தில் இருந்து விழுந்து இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். சூளையைத் திரேசம்மாவே நடத்தினார். வல்வெட்டித்துறை இராசம்மாக்காவிடம் மணலும் கல்லும் ஏற்றும் லொறிகள் இருந்தன. கணவன் கப்பலில் போனவர். கடிதம் நின்று கனகாலம். என்றாலும் அவர் வருவார் என்றே இராசம்மாக்கா தாலியும் பொட்டுமாக இருந்தார். திரேசம்மா பூசை கண்டு வந்த பிறகு மூவரும் சூளையடியில் கூடுவார்கள்; அக்காவோடு நானும் போவேன். எந்த வீட்டுக்காரர் சொன்ன சொல்லை மாற்றுவார், எந்த மரக்காலைக்காரன் ஈர மரத்தைத் தள்ளிவிடுவான், எந்த லொறிச் சாரதி வழியில் கள்ளுத் தவறணைக்குப் போவான் எல்லாம் அங்கே வெளிவரும். அக்காவுக்குச் சுண்ணாம்பு கிடைக்காமல் முட்டுப்பட்டால் திரேசம்மா மற்றவர்களை நிற்கவைத்து அனுப்புவார். லொறி பழுதென்றால் அக்காவின் ஆசாரி போய்ப் பெட்டிப் பலகை அடித்துக் கொடுப்பார். ஆம்பிளைக் கொந்தராத்துக்காரரும் சங்கம் வைத்திருந்தார்கள்தான். அங்கே அக்கா போனால் எல்லாரும் எழும்பி நின்று மரியாதை செய்து, அவர் போகும்வரைக்கும் மழையைப் பற்றிக் கதைப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூளையடியில் கோண்டாவில் கதையை அக்கா சொல்லி முடித்தார். திரேசம்மா மீன்பொரியலை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் எடுத்துத் தாறனே கல்லை. என்ரை மனிசன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டெண்டாலும் உயிரோடைதான் கிடக்கிறார்" என்றார்.

"நீ வேதக்காரியெல்லோ. சின்னத்தம்பி மேசன் கல்லைப் போட்டிட்டு ஓடுவான்" என்றார் அக்கா.

"ஓடட்டும். எங்கடை சுவாமியார் மறிச்சு ஞானஸ்நானம் குடுப்பார்."

இராசம்மாக்கா சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் எடுக்கிறன்."

"நீ ஆரடி எங்கடை கொந்தராத்துக்கு?"

"மணல் ஆரின்ரை? கல்லு ஏத்திற லொறி ஆரின்ரை? இண்டையிலை இருந்து நான் பங்காளி."

"சனம் கேக்கும், உன்ரை மனிசன் எங்கையெண்டு."

"கடலிலை எண்டு சொல்லு. பொய்யோ?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைத் துடைத்தார். எனக்கோ ஓவசியர் புத்தி. பங்கென்றால் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அருளம்பலம் அண்ணை கேள்வி கேட்பார் என்று தொடங்கினேன். திரேசம்மா என்னை முடிக்க விடவில்லை.

"கோண்டாவிலிலை கல்லைப் பறிக்கேக்கை அருளம்பலத்தார் எந்த எழுத்தைக் காட்டினவர்? நீர் மீனைத் தின்னும் தம்பி."

மணல்காரியின் கைராசி

கொழும்புத்துறையில் முதல் நாள்கல். இராசம்மாக்கா கூறைச் சேலை உடுத்து, லொறியின் முன்சீற்றில் இருந்து குதித்து இறங்கினார். மணல் அள்ளிப் பழகிய கை. கல்லை ஒரு தேங்காயைத் தூக்குவது போலத் தூக்கினார். சின்னத்தம்பி மேசன் வாயைத் திறக்க முதலே, "அண்ணை, கையை நீட்டிறியளோ, இல்லாட்டி நானே வைக்கட்டோ?" என்றார். மேசன் கையை நீட்டினார்.

அந்த வளவில் கிணறு வெட்டியபோது நல்ல தண்ணீர் வந்தது. சுற்றிவர எல்லாக் கிணறும் உவர். அதற்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் காதில் விழுத்தவில்லை. அன்றோடு என் நிம்மதி போனது. வீடு கட்ட வருகிறவர்கள் மதிப்பீட்டைக் கேட்பதற்கு முன் "அந்த மணல்காரி வருவாவோ?" என்று கேட்டார்கள். சாத்திரிமாரோ ஒரே நல்ல நேரத்தைச் சாவகச்சேரிக்கும் சண்டிலிப்பாய்க்கும் குறித்துக் கொடுத்தார்கள். நான் சைக்கிளில் போய்ச் சாத்திரிமாரின் காலைப் பிடித்து ஒரு நேரத்தை முன்னுக்குத் தள்ளி, இன்னொன்றைப் பின்னுக்குத் தள்ளுவேன்; நடுவில் பட்டுச் சேலையோடு மணல் லொறி பறக்கும். இரண்டு கொந்தராத்து வேலையை ஒருமிக்கச் செய்தாலும் இந்தப் பாடு இல்லை. வேலைகள் மட்டும் நிறைய வந்தன. பரமேசு அக்கா வழக்கம்போல அடுத்த ஒழுங்கையில் காருக்குள் இருந்தார். மேசன்மார் ஒருவரும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் சந்தையடியில் அருளம்பலம் அண்ணை என்னை மறித்தார். மகளுக்கு வீடு கட்டப் போகிறாராம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பரமேசுவுக்குச் சொல்லிப்போடாதையும். அந்த மணல்காரியின்ரை கை எனக்கு ஒருக்கால் வேணும்."

தண்டையல் வாங்கிய பேச்சு

வல்வெட்டித்துறையில் ஒரு தண்டையலுக்கு, அதாவது பாய்க்கப்பல் நடத்தும் தலைவருக்கு, வீடு கட்டினோம். நாள்கல்லுக்கு இராசம்மாக்காதான் வரவேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். அது சுகமாக முடிந்தது. மேலே ஓட்டுக்குப் பதிலாகக் கொங்கிறீற் பிளாட் போட வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் சீமெந்து பெர்மிற்றில்தான் கிடைக்கும். நான் அரசாங்கக் கச்சேரிப் படியேறித் தேய்ந்து அதை எடுத்தேன். பிளாட்டுக்கும் தண்டையல் நாள் பார்த்தார். கப்பலுக்கு நாள் பார்க்கும் சாத்திரியிடம் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அந்த நாள் எங்கள் கூலியாட்கள் எல்லாருடைய கோயிலிலும் தேர் என்பது விடிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சீமெந்து குழைத்தாயிற்று. தொடங்கினால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பொருத்தில் வெடிக்கும். மேசன்மார் மட்டும் நிற்கிறார்கள், சீமெந்துத் தாச்சி தூக்க ஆளில்லை. அக்கா சாரத்தில் ஏறி நின்று ஒழுங்கையைப் பார்க்கிறார். ஒழுங்கை முனையில் அருளம்பலம் அண்ணை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்; உதவிக்கு வந்தவர் போலவும் இல்லை, போகிறவர் போலவும் இல்லை. தண்டையலின் பிளாட் பிழைத்ததென்றால் அந்தக் கரையில் ஒருவரும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள். அப்போது, விடிந்ததும் குருநகருக்கு ஓடிய இராசம்மாக்காவின் லொறி திரும்பி வந்தது. பின்பெட்டி முழுக்கத் திரேசம்மாவின் சூளைப் பெண்கள். வேதக்காரருக்குத் தேர் இல்லையே. கீழிருந்து மேல்வரை ஏணியில் வரிசையாக நின்றார்கள்; தாச்சி கைக்குக் கை பறந்தது. தண்டையலுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கப்பலில் போலக் கட்டளை போடத் தொடங்கினார். "இழு! விடு! இடப்பக்கம்!" என்றார். "அண்ணை, இது கப்பலில்லை, வீடு. ஒண்டில் தாச்சியைப் பிடியுங்கோ, இல்லாட்டி உள்ளை போய் எங்களுக்குத் தேத்தண்ணி வையுங்கோ" என்று திரேசம்மா கீழிருந்து சத்தம் போட்டார். பின்னேரம் பிளாட் முடிந்தது. தண்டையல் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து என் பக்கத்தில் இருந்து பெருமூச்சு விட்டார்.

"தம்பி, புயலுக்கை பாய் கிழிஞ்ச அண்டைக்கும் எனக்கு இவ்வளவு பேச்சு விழேல்லை."

திரேசம்மா சொன்னது

தண்டையல் காலமானார். சில வருஷம் கழித்து இராசம்மாக்காவும் போனார். அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போய்விட்டுத் திரேசம்மாவும் நானும் பஸ்ஸுக்காக நின்றோம். தூரத்தில் கடல் தெரிந்தது. அப்போதுதான் அவர் சொன்னார்.

"அவவின்ரை மனிசன் செத்துக் கனகாலம் தம்பி. தண்டையல் வீட்டு நாள்கல்லுக்கு முந்தியே."

அந்தச் செய்தியைக் கொண்டு வந்தவரே தண்டையல்தானாம். ஏதோ துறைமுகத்தில் காய்ச்சலாம், கப்பல்காரரே அடக்கம் செய்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் போவதற்கு முன் தண்டையல் சூளையடிக்குத் தேடி வந்து சொன்னாராம்.

"அவ அந்தச் சுண்ணாம்புக் குவியலிலை அப்பிடியே இருந்திட்டா. அழேல்லை. பிறகு சொன்னா, 'அண்ணை, உங்களைக் கும்பிட்டன், இதை ஆருக்கும் சொல்லாதையுங்கோ. நான் வெள்ளை உடுத்தால் பரமேசுவின்ரை தொழில் அருளம்பலத்திட்டைப் போயிடும்.' அந்த மனிசன் 'அப்ப என்ரை வீட்டுக்கும் நீதான் கல்லெடுக்க வேணும் தங்கச்சி' எண்டவர்."

பஸ் வந்துவிட்டது. நான் ஏறி இருந்தேன். நம்பவில்லை. பல்லி சொன்னால் பாய் விரிக்காத மனிதர், தெரிந்துகொண்டே தன் வீட்டுக்கு அந்தக் கையைக் கேட்பாரா? பின்னொருநாள் திரேசம்மா இதையே சொன்னபோது துறைமுகம் றங்கூன் ஆகியிருந்தது, இன்னொருநாள் பினாங்கு. பரமேசு அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "விசரே உமக்கு? தெரிஞ்சால் அண்டைக்கே பலகையைக் கழட்டியிருப்பாள்" என்றார். ஆகவே உண்மை பார்க்க நான் அக்காவிடமும் போக முடியாது. இப்போது மூத்த மகளோடு தொழிலை நடத்தும் அவரிடம் போய், உங்கள் தொழில் இப்படித்தான் நிலைத்தது என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. தொடக்கத்தில் இராசம்மாக்கா பொட்டோடுதான் நாள்கல்லுக்கு வருவார். பிறகு பிறகு, லொறி நின்றதும் உடனே இறங்கமாட்டார். சாரதியை இறங்கச் சொல்லிவிட்டு, பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, மடியில் இருந்து குங்குமச் சிமிழை எடுத்து அப்போதுதான் வைத்துக்கொள்வார். லொறிச் சூட்டில் வேர்த்து அழிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். நேரம் போகுது, நேரம் போகுது என்று லொறிக் கதவில் தட்டிக்கொண்டு நின்றவன் நான். வீட்டிலும் லொறியிலும் வெறும் நெற்றியோடு இருந்துவிட்டு, எங்கள் கல்லுக்காக மட்டும் அதை வைத்தாரா? அல்லது வேர்வைதானா? மனைவி செத்தபோது நான் வளவுக் கிணற்றடியில் நின்று ஊருக்குக் கேட்க அழுதவன். ஒரு மாதம் வேலைக்கும் போகவில்லை. அருளம்பலம் அண்ணை கூட வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை குருநகருக்குப் போனேன். திரேசம்மாவுக்கு இப்போது கண் மங்கல். குரல் மட்டும் அப்படியே. இராசம்மாக்கா கல்லெடுத்துக் கொடுத்த வீடுகள் குடாநாடு முழுக்க நிற்கின்றன. சுவர் வெடித்த ஒன்றிரண்டும் கைராசியால் அல்ல, சீமெந்தைக் குறைக்கச் சொன்ன வீட்டுக்காரரின் வாயால் வெடித்தவை. நீங்கள் சொன்னது மெய்தானா என்று கேட்கத்தான் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வி வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"திரேசக்கா, அப்ப அந்த மனிசி எங்கை இருந்து அழுதது?"